மூளைக்குப் போகும் ரத்தமும் கபால நரம்புகளும்: வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் முகவாதம், ஒற்றைத் தலைவலி, திடீர் மயக்கம் பற்றியவையே அதிகம். மேலோட்டமாகப் பார்த்தால் தொடர்பில்லாத நோய்கள். மூளைக்குப் போகும் ரத்தத்தைக் கபால நரம்புகள் எப்படிப் பாதிக்கின்றன என்பது தெரிந்தால் எல்லாவற்றுக்கும் பதில் தெளிவாகும். ஆகவே சேர்த்தே பதில் தருகிறோம்.

கேள்வி: நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கபால நரம்புகள் 12 இணை என்றும், பார்க்க, முகர, விழுங்க, முகத்தை அசைக்க உதவுகின்றன என்றும் பாடத்தில் உள்ளது. மூளையின் ரத்த ஓட்டத்தையும் அவை மாற்றும் என்று வகுப்பில் சொன்னார்கள். எப்படி என்று விளங்கவில்லை.
– வாசகி, மதுரை

பதில்: பன்னிரண்டில் நான்குதான் இந்த வேலையில் வருகின்றன: 5, 7, 9, 10. இவற்றில் 5-ஆம் நரம்பும் 7-ஆம் நரம்பும் மூளைத் தமனியின் சுவரையே தொடுகின்றன. 9-ம் 10-ம் முக்கியமாக ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் சீராக வைத்து, அதன் வழியாக மூளைக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கின்றன. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எளிது.

மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் அதற்குப் போகிறது; நிமிடத்துக்கு ஏறக்குறைய 750 மில்லி. 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்கு 50 மில்லி என்பது சராசரி. அது 20-க்குக் கீழே இறங்கினால் நரம்பணுக்கள் வேலையை நிறுத்திவிடும். 10-க்குக் கீழே போனால் சாகத் தொடங்கும். கழுத்தின் முன்பக்கம் இரண்டு கரோடிட் தமனிகள், பின்பக்கம் கழுத்தெலும்புத் துளைகள் வழியே ஏறும் இரண்டு வெர்டிப்ரல் தமனிகள், இந்த நான்கும் மூளையின் அடியில் வளையமாகச் சேர்கின்றன. தாமஸ் வில்லிஸ் 1664-இல் அதை விவரித்ததால் வில்லிஸ் வளையம் என்று பெயர்.

7-ஆம் நரம்பு, அதாவது முக நரம்பு, முகத் தசைகளுக்குப் போவதற்கு முன்பே, காதுக்கு உட்புறமுள்ள எலும்புக் குழாயில் ஒரு கிளையைப் பிரித்துவிடுகிறது. கிரேட்டர் பெட்ரோசல் நரம்பு என்பார்கள். அது மூக்குக்குப் பின்னால், மேல்தாடை எலும்பின் பின்புறக் குழியில் இருக்கும் ஸ்பீனோபாலடைன் நரம்பு முடிச்சில் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து புறப்படும் இழைகளில் சில கண்ணீர்ச் சுரப்பிக்கும் மூக்கின் உட்சவ்வுக்கும் போகின்றன. சில பின்னோக்கித் திரும்பி மூளையின் முன்பகுதித் தமனிகளின் வெளிச்சுவரில் பரவுகின்றன. அவற்றின் நுனியிலிருந்து வெளியாகும் அசிட்டைல்கோலின், விஐபி என்ற புரதத் துணுக்கு, நைட்ரிக் ஆக்சைடு மூன்றும் தமனித் தசையைத் தளர்த்தி நாளத்தை விரிக்கின்றன. 9-ஆம் நரம்பிலிருந்தும் ஓட்டிக் என்ற இன்னொரு நரம்பு முடிச்சு வழியாக இதே வகை இழைகள் கொஞ்சம் வருகின்றன.

5-ஆம் நரம்பான ட்ரைஜெமினல், முகத்தின் உணர்வு நரம்பு. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதை மூடியிருக்கும் தடித்த சவ்வுக்கும் அடிப்பகுதித் தமனிகளுக்கும் வலி தெரியும். அந்த வலியைப் பெரும்பாலும் எடுத்துச் செல்வது ட்ரைஜெமினலின் முதல் கிளை, கண்ணுக்கும் நெற்றிக்கும் உணர்வு தரும் அதே கிளை. இதில் ஒரு விசேஷம் உண்டு. வலிச் செய்தியை உள்ளே அனுப்பும் இழையே, தூண்டப்பட்டால் தன் வெளிமுனையில் சிஜிஆர்பி, சப்ஸ்டன்ஸ்-பி என்ற வேதிப்பொருள்களை வெளியிடுகிறது. சிஜிஆர்பி 37 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். ரத்த நாளத்தை விரிக்கும் பொருள்களில் மிக வலுவானவற்றுள் ஒன்று. தமனி அளவுக்கு மீறிச் சுருங்கும்போது அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இது உதவுகிறது.

9-ஆம் நரம்பு கரோடிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள அழுத்த உணரிகளிலிருந்தும், 10-ஆம் நரம்பான வேகஸ் இதயத்தை ஒட்டிய மகாதமனி வளைவிலிருந்தும் செய்தி கொண்டுவருகின்றன. இரண்டும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில் சேர்கின்றன. அழுத்தம் ஏறினால் வேகஸ் இதயத்தை மெதுவாக்கும். இறங்கினால் வேகஸின் பிடி தளர்ந்து துடிப்பு கூடும்.

தேர்வுக்காகவும் இல்லாமலும் நினைவில் வைக்க வேண்டியது இது: மூளை ரத்த ஓட்டத்தில் முதல் அதிகாரம் நரம்புகளுக்கு இல்லை. ரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு 1 மி.மீ. பாதரச அளவு மாறினாலே ஓட்டம் 3 முதல் 4 சதவீதம் மாறும். அடுத்தது, மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அந்தப் பகுதி தன் நாளத்தைத் தானே விரித்துக்கொள்வது. மூன்றாவது, சராசரி அழுத்தம் ஏறக்குறைய 60-க்கும் 150-க்கும் நடுவே எங்கிருந்தாலும் ஓட்டத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும் தமனிகளின் சொந்தத் திறன். கபால நரம்புகள் இதற்கு மேல் நுணுக்கமான திருத்தங்களைச் செய்கின்றன. அதுவும் மூளையின் மேற்பரப்பு வரைதான். தமனி கிளைத்துத் திசுவுக்குள் இறங்கியதும் வெளி நரம்புகள் நின்றுவிடும். அதற்கு அப்பால் மூளைக்குள்ளேயே பிறக்கும் நரம்பிழைகளும், நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களும் பார்த்துக்கொள்கின்றன. நாளத்தைச் சுருக்கும் சிம்பதெடிக் இழைகள் கழுத்தின் மேல் முடிச்சிலிருந்து வருபவை. அவை கபால நரம்புக் கணக்கில் வராது. விடைத்தாளில் பலர் தவறவிடும் இடம் இது.

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. காலையில் எழுந்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, இடது கண் மூடவில்லை. முகவாதம் என்று மாத்திரை கொடுத்தார்கள். 7-ஆம் நரம்புதான் மூளைத் தமனியை விரிக்கிறது என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. அந்தப் பக்க மூளைக்கு ரத்தம் குறைந்து பக்கவாதம் வருமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வராது. ஒரு பக்க முக நரம்பு வேலை நிறுத்தத்தால் மூளைக்கு ரத்தம் தட்டுப்படுவதில்லை. மேலே சொன்ன காரணம்தான்: கார்பன் டை ஆக்சைடும், திசுவின் தேவையும், தமனியின் சொந்தத் திறனும் முழுதாக வேலை செய்துகொண்டிருக்கின்றன. நரம்பின் திருத்தம் ஒன்று விட்டுப்போனால் அவை ஈடுகட்டிவிடும்.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். இது உண்மையிலேயே முக நரம்பு வாதம்தானா, மூளையில் ஏற்பட்ட பக்கவாதமா என்பதை முதல் மணி நேரத்திலேயே பிரித்தறிய வேண்டும். கண்ணாடி முன் உட்கார்ந்து புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்ட பக்கத்து நெற்றியில் சுருக்கமே விழாமல், கண்ணும் மூடாமல், வாயும் கோணியிருந்தால் முக நரம்பே பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். வாய் மட்டும் கோணி, நெற்றிச் சுருக்கம் இரு பக்கமும் சமமாக விழுந்தால் பக்கவாதமாக நினைத்து உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெற்றித் தசைக்கு மூளையின் இரு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருவதால்தான் அது தப்பிக்கிறது. கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நடக்கும்போது தள்ளாட்டம் இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் நெற்றிச் சோதனையை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

முகவாதம் என்று உறுதியானால் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் பலன் தரும். சர்க்கரை நோய் இருந்தால் அந்த நாட்களில் சர்க்கரை ஏறும். தினமும் பார்த்து, சர்க்கரை மருந்தின் அளவைக் கூட்டவேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். காதைச் சுற்றிக் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் அது அக்கி வைரஸ், கூடவே வைரஸ் எதிர்ப்பு மருந்தும் தேவை.

வீட்டில் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது கண். கிரேட்டர் பெட்ரோசல் கிளையும் அடிபட்டிருந்தால் கண்ணீரும் குறையும், இமையும் மூடாது. கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும். பகலில் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் கண் களிம்பு போட்டு இமையை மூடி மேலே மைக்ரோபோர் டேப். பஞ்சை நேராகக் கண்மேல் வைத்து ஒட்டாதீர்கள், இமை திறந்தால் கருவிழியில் உரசும். சிகிச்சை இல்லாமலேகூட 10 பேரில் 7 பேருக்கு முழுதாகச் சரியாகிறது. 3 வாரம் கழித்தும் துளிகூட அசைவு வராவிட்டால் மறுபடி காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு ஒற்றைத் தலைவலி. நெற்றிப்பொட்டில் நாடி அடிப்பது கையில் தெரியும். துணியை இறுக்கிக் கட்டினால் கொஞ்சம் தேவலை. ரத்தக் குழாய் வீங்குவதுதான் காரணமா? மாத்திரை போட்டுப் போட்டு இப்போது தினமும் வலிக்கிறது.
– வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கேள்வியைத்தான் தலைவலி ஆராய்ச்சியாளர்களும் பல பத்தாண்டுகள் கேட்டார்கள். 1930-களில் ஹெரால்ட் உல்ஃப் போன்றவர்கள் சொன்னது, தமனி விரிவதால் வலி என்று. துணி கட்டினால் இதமாக இருப்பதும், நாளத்தைச் சுருக்கும் எர்காட்டமைன் மருந்து கேட்பதும் அதற்குச் சாட்சியாகத் தோன்றின. 1979-இல் மைக்கேல் மாஸ்கோவிட்ஸ் பார்வையை நரம்பின் பக்கம் திருப்பினார்: தமனியைச் சுற்றியுள்ள ட்ரைஜெமினல் இழைகள் தூண்டப்பட்டு வேதிப்பொருள்களைக் கக்குவதே மூலம் என்றார். 1990-இல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் வலி வந்திருக்கும்போது கழுத்துச் சிரையில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிஜிஆர்பி கூடியிருந்தது. 2013-இல் டென்மார்க்கில், வலி வந்திருக்கும் நேரத்திலேயே நோயாளிகளை எம்.ஆர்.ஐ. கருவியில் படுக்கவைத்து அளந்தார்கள். வலிக்கிற பக்கம் மண்டையோட்டுக்கு வெளியேயுள்ள தமனிகள் விரியவில்லை. உள்ளே இருப்பவை மிகச் சிறிதளவே விரிந்திருந்தன. ஆகவே வீக்கம் கூட வருவது, வலிக்கு அதுவே காரணமல்ல. நாடி அடிப்பது எப்போதும் அடிப்பதுதான். நரம்பு கூர்மையாகிவிட்டதால் ஒவ்வொரு அடியும் வலியாகத் தெரிகிறது.

சிலருக்கு வலிக்கு முன் கண்ணில் மின்னும் வளைகோடு ஒன்று தோன்றி, 20, 30 நிமிடத்தில் மெல்ல விரிந்து ஓரத்துக்குப் போகும். அது மூளையின் பின்பகுதிப் புறணியில், அதாவது மேலடுக்கில், நிமிடத்துக்கு 2 முதல் 5 மி.மீ. வேகத்தில் நகரும் ஓர் அலை. அலை கடந்த இடத்தில் ரத்த ஓட்டம் சிறிது நேரம் குறைந்திருக்கும். இதை முதலில் முயல் மூளையில் பதிவு செய்து 1944-இல் வெளியிட்டவர் பிரேசில் நாட்டு விஞ்ஞானி அரிஸ்டிடிஸ் லியாவ். இந்த அலை ட்ரைஜெமினல் இழைகளைத் தூண்டுவது விலங்குச் சோதனைகளில் காட்டப்பட்டிருக்கிறது. கழுத்தும் சேர்ந்து வலிப்பது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். ட்ரைஜெமினலின் இழைகளும் கழுத்தின் மேல் நரம்பு வேர்களும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால்தான், எல்லாக் கழுத்து வலியும் எலும்புத் தேய்மானம் அல்ல.

இந்த அறிவிலிருந்து மருந்துகள் வந்தன. சுமாட்ரிப்டான் வகை, ட்ரைஜெமினல் நுனியில் சிஜிஆர்பி வெளியாவதைத் தடுக்கிறது, நாளத்தையும் சுருக்குகிறது. அதனால் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும் கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கூடாது. எரெனுமாப் என்ற ஊசி சிஜிஆர்பியின் ஏற்பியை அடைக்கிறது, நாளத்தைச் சுருக்குவதில்லை. 2018-இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றது அதுதான். மாதம் ஒரு ஊசி, வலி வராமல் தடுக்க. இந்தப் பாதையைக் கண்டு சொன்ன மாஸ்கோவிட்ஸ், கோட்ஸ்பி, எட்வின்சன், யெஸ் ஒலெசன் நால்வருக்கும் 2021-இல் பிரெய்ன் பரிசு கிடைத்தது.

இப்போது உங்கள் தினசரி வலி. பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்ற தனி வலி மாத்திரைகள் மாதத்தில் 15 நாளோ, ட்ரிப்டானோ பல மருந்து கலந்த மாத்திரையோ 10 நாளோ, 3 மாதத்துக்கு மேல் போட்டால் மாத்திரையே தலைவலியைத் தினசரியாக்கிவிடும். நீங்கள் சொல்வது அதையே காட்டுகிறது. ஒரு நாட்காட்டியில் வலி வந்த நாளை ஒரு நிறத்திலும் மாத்திரை போட்ட நாளை இன்னொரு நிறத்திலும் ஒரு மாதம் குறித்து நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் வலி கூடும்; அதைத் தாண்ட வேறு மருந்து தருவார். நிறுத்துவது மட்டும் போதாது, தடுப்பு மருந்தும் கூடவே தொடங்க வேண்டும். துணி கட்டுவதில் தவறில்லை. ஆனால் வாழ்நாளில் அறியாத கடும் வலி நொடிப்பொழுதில் உச்சத்துக்குப் போனால் அது மூளைத் தமனி வெடிப்பாக இருக்கலாம். அப்போது துணியோ தைலமோ தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அப்பா, 67 வயது. சட்டைக் காலர் பொத்தான் போடும்போதும் ஷேவ் செய்யும்போதும் இரண்டு முறை மயங்கி விழுந்தார். தலை ஸ்கேன் நார்மல். வலிப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.
– வாசகர், கும்பகோணம்

பதில்: வலிப்பு என்று முடிவு கட்டும் முன் கரோடிட் சைனஸைப் பார்க்கச் சொல்லுங்கள். குரல்வளை எலும்பின் மேல் விளிம்புக்கு நேராக, பக்கவாட்டில் நாடி துடிக்கும் இடம் அது. 9-ஆம் நரம்பின் அழுத்த உணரி அங்கேதான் இருக்கிறது. வயதான ஆண்கள் சிலருக்கு அது மிகையாகக் கூர்மையடைந்துவிடும். காலர் அழுத்தினால் போதும், ‘ரத்த அழுத்தம் மிக அதிகம்’ என்ற தவறான செய்தி முகுளத்துக்குப் போய், வேகஸ் இதயத்தைச் சில நொடிகள் நிறுத்தியே விடும். மூளைக்கு ரத்தம் 6 முதல் 8 நொடி நின்றால் நினைவு போய்விடும். அப்போது கை கால் சில முறை வெட்டி இழுப்பதும் உண்டு. பார்ப்பவர்கள் வலிப்பு என்று நினைப்பது அதனால்தான். மயக்கத்தில் இழுப்பு சில நொடிதான், முகம் வெளுத்திருக்கும், விழித்ததும் ஆளை அடையாளம் தெரியும். வலிப்பில் இழுப்பு ஒன்றிரண்டு நிமிடம் நீளும், நாக்கின் ஓரம் கடிபடலாம், விழித்தபின் வெகுநேரம் குழப்பம் இருக்கும். விழுந்ததை நேரில் பார்த்தவரை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அவர் சொல்வது ஸ்கேனைவிட உதவும்.

சோதனையை இதயப் பிரிவில் இ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்கும்போது, முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம், 5 முதல் 10 நொடி மட்டும் அந்த இடத்தைத் தடவிச் செய்வார்கள். துடிப்பு 3 நொடி நின்றாலோ மேல் அழுத்தம் 50 குறைந்தாலோ, அதோடு அதே மயக்கமும் வந்தால் நோய் உறுதி. கடந்த 3 மாதத்தில் பக்கவாதம் வந்திருந்தாலோ கரோடிட் அடைப்பு இருந்தாலோ இதைச் செய்ய மாட்டார்கள், தமனியில் படிந்த கொழுப்பு பெயர்ந்து மூளைக்குப் போகக்கூடும் என்பதால். இதே காரணத்துக்காக, படபடப்பைக் குறைக்க வீட்டில் கழுத்தை அழுத்திப் பார்க்கவே கூடாது. இதயம் நிற்பதே காரணம் என்றால் பேஸ்மேக்கர் நல்ல பலன் தரும். அதுவரை காலர் இல்லாத சட்டை, தாடைக்குக் கீழே மெல்லிய அழுத்தத்தில் ஷேவிங், பின்னால் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்பாமல் உடலோடு திரும்புவது. இரு சக்கர வாகனம் வேண்டாம்.

எந்த மயக்கமானாலும் உதவி ஒன்றே: தரையில் நேராகப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். தூக்கி உட்காரவைத்தால் மூளைக்கு வரும் ரத்தம் இன்னும் குறையும். வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போகும். கையில் இரும்பைத் திணிப்பதால் பயனில்லை.

கேள்வி: குளிர்ந்த தண்ணீரில் முகத்தை வைத்தால் நாடி குறையும் என்கிறார்களே, உண்மையா? எங்கள் பக்கம் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர்கள் உண்டு.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: உண்மை. நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் குளிர் பட்டு, மூச்சும் அடங்கினால் 5-ஆம் நரம்பு செய்தி சொல்ல, 10-ஆம் நரம்பு நாடியைக் குறைக்கிறது. கை கால் தோலின் நாளங்கள் சுருங்கி, மூளைக்குப் போகும் பங்கு கூடுகிறது. மூழ்கும் நேரத்தில் ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு இது.

மூச்சடக்கி நீந்தும் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மூழ்கும் முன் வேகவேகமாக மூச்சு விட்டால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று நம்புகிறார்கள். அதில் ஆக்சிஜன் கூடுவது சொற்பம். கார்பன் டை ஆக்சைடுதான் வெளியேறுகிறது. அது 40-இலிருந்து 20-க்கு இறங்கினால் மூளை ரத்த ஓட்டம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மூச்சு வாங்கத் தூண்டுவதும் அதே கார்பன் டை ஆக்சைடுதான் என்பதால் தவிப்பும் தெரியாது. எந்த முன்னறிகுறியும் இல்லாமல் தண்ணீருக்குள் நினைவு தப்பும். குளத்திலும் கிணற்றிலும் நன்றாக நீச்சல் தெரிந்தவர்களே இறந்துபோவதற்கு இது ஒரு காரணம்.

கேள்வி: காதில் மாட்டும் கிளிப் ஒன்று வேகஸ் நரம்பைத் தூண்டி மூளைக்கு ரத்தத்தைக் கூட்டும், மறதி போகும் என்று விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வாங்காதீர்கள். நரம்பைத் தூண்டும் சிகிச்சைகள் உண்மையாகவே இருக்கின்றன. எவை, எதற்கு என்று தெரிந்தால் விளம்பரத்தின் இடைவெளி புரியும். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புக்கு வேகஸ் தூண்டிக் கருவியை 1997-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். இடது காறை எலும்புக்குக் கீழே புதைத்து, கழுத்தில் வேகஸைச் சுற்றிக் கம்பி வைப்பது. பக்கவாதத்தால் கை தளர்ந்தவர்களுக்கு இதே போன்ற கருவியை, கைப்பயிற்சியோடு சேர்த்து, 2021-இல் அனுமதித்தார்கள். அந்த ஆய்வில் 108 பேர். உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 47 சதவீதத்தினருக்கும், போலித் தூண்டல் பெற்றவர்களில் 24 சதவீதத்தினருக்கும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். பயிற்சி செய்யும் அதே நொடியில் தூண்டுவதால் மூளை புதிய இணைப்புகளை உண்டாக்குகிறது என்பதே அதன் விளக்கம், ரத்தம் கூடுவதல்ல.

ரத்த ஓட்டத்தையே கூட்டுவதற்கென்று செய்த பெரிய முயற்சி ஸ்பீனோபாலடைன் முடிச்சைத் தூண்டியது. பக்கவாதம் வந்து 8 முதல் 24 மணிக்குள், வாயின் மேலண்ணம் வழியே சிறு கருவியை வைத்து, தினம் 4 மணி நேரம், 5 நாள். 1,000 நோயாளிகள் கொண்ட முடிவு 2019-இல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் போலித் தூண்டலைவிட உறுதியான பலன் இல்லை. மூளைப் புறணி பாதிக்கப்பட்டவர்களைத் தனியாகப் பார்த்தபோது எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தேறியவர்கள் 50 சதவீதம், போலியில் 40 சதவீதம் என்று நம்பிக்கை தரும் வேறுபாடு தெரிந்தது. முடிச்சுக்கு அருகிலேயே கருவி வைத்து, மருத்துவமனையில் செய்தும் கிடைத்தது இவ்வளவுதான். காதில் கிளிப் மாட்டி மறதியைப் போக்குவேன் என்று சொல்வதற்கு இடமே இல்லை. அந்தப் பணத்தில் மறதிக்குக் காரணமாகக்கூடிய தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: முடிவெட்டும் கடையில் கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பது நல்லதா?
– வாசகர், சென்னை

பதில்: வேண்டாம். தலைக்கு மசாஜ் வரை சரி. திடீரென்று கழுத்தைத் திருகும் அந்த ஒரு அசைவை மறுத்துவிடுங்கள். வெர்டிப்ரல் தமனி கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே ஏறி, முதல் எலும்புக்கு மேல் வளைந்து திரும்புகிறது. திருகும்போது அந்த வளைவில் உட்சுவர் கிழிய முடியும். அரிதுதான், ஆனால் இளைஞர்களுக்கும் நேர்கிறது. கிழிசலில் உறையும் ரத்தம் முகுளத்துக்குப் போகும் கிளையை அடைத்தால் 9-ஆம், 10-ஆம் நரம்புகளின் கருக்களே பட்டினி கிடக்கும்: விழுங்கினால் புரையேறும், குரல் கம்மும், விக்கல் நிற்காது, ஒரு பக்க முகத்திலும் மறுபக்க உடலிலும் சூடு குளிர் தெரியாது. கரோடிட் கிழிந்தால் அந்தப் பக்க இமை சற்று இறங்கி, கண் பாப்பா சிறுத்துத் தெரியும்.

இவை திருகிய உடனேயும் வரலாம், சில நாள் கழித்தும் வரலாம். கழுத்திலோ பிடரியிலோ புதிதாக ஒரு பக்க வலியும், கூடவே தலைசுற்றலோ தள்ளாட்டமோ வந்தால் ‘சுளுக்கு’ என்று எண்ணி மறுபடி நீவக் கூடாது. கழுத்து நெட்டி முறித்த விவரத்தை மருத்துவமனையில் மறக்காமல் சொல்லுங்கள். உறைவைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரம்தான் கெடு.

கேள்வி: 20 வருடமாக பிரஷர், 15 வருடமாக சர்க்கரை. படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது. போன வாரம் பிரஷர் 200 என்று நாக்குக்கு அடியில் மருந்து வைத்தார்கள், இன்னும் தலைசுற்றியது. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: நிறுத்த வேண்டாம். எழுந்து நிற்கும்போது 500 முதல் 800 மில்லி ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. 9-ஆம் 10-ஆம் நரம்புகள் அதை உடனே உணர்ந்து துடிப்பைக் கூட்டி, நாளத்தைச் சுருக்கச் செய்கின்றன. நெடுநாள் சர்க்கரை இந்த நரம்பிழைகளைக் கெடுத்துவிடும். உங்களுக்கு அதுதானா என்று வீட்டிலேயே அளக்கலாம். 5 நிமிடம் படுத்திருந்து பிரஷரும் நாடியும் குறித்துக்கொள்ளுங்கள். எழுந்து நின்று 1-ஆம் நிமிடத்திலும் 3-ஆம் நிமிடத்திலும் மறுபடி. நிற்கும்போது கையைத் தொங்கவிடாமல் நெஞ்சு மட்டத்தில் யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும். தொங்கவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும், வீழ்ச்சி மறைந்துபோகும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் நோய் உண்டு. உதாரணமாக, மேல் அளவு 30 குறைந்தும் நாடி 15-கூட ஏறவில்லை என்றால் நரம்பே தளர்ந்திருக்கிறது. நாடி நன்றாக ஏறினால் நீர்ச்சத்துக் குறைவையோ மாத்திரையையோ சந்தேகிக்க வேண்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை போடுகிறவருக்கு மட்டும் இந்த நாடிக் கணக்கு பொருந்தாது.

நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை என்பது வருத்தமான விஷயம். நெடுநாள் பிரஷர் உள்ளவரின் மூளைத் தமனிகள் உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகியிருக்கும். 60 முதல் 150 என்று சொன்னோமே, அந்த எல்லை அவருக்கு மேலே நகர்ந்துவிடுகிறது. மற்றவர் தாங்கும் அழுத்தத்தில் அவருக்கு மூளை ரத்தம் குறையும். அறிகுறி எதுவும் இல்லாத 200-ஐ நிமிடங்களில் இறக்கத் தேவையில்லை. மாத்திரையைத் திருத்தி நாட்களில் இறக்குவதே சரி. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் தளர்ச்சி, பார்வைக் குறைவு இவற்றோடு 200 இருந்தால் அது அவசரம், மருத்துவமனையில்தான் இறக்க வேண்டும்.

அளந்த தாளை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் மூன்று கேளுங்கள்: ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் போன்ற மாத்திரை போடுகிறீர்களென்றால் அதை மாற்ற முடியுமா, சிறுநீர் போகச் செய்யும் மாத்திரையின் அளவு கூடுதலா, பிரஷர் மாத்திரைகளில் ஒன்றை இரவுக்கு மாற்றலாமா. காலையில் எழும் முன் ஒரே மூச்சில் 500 மில்லி தண்ணீர்; இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டிருந்தால் இது வேண்டாம். கட்டில் விளிம்பில் ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்து பாதங்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழுங்கள். நிற்கும்போது கண் இருட்டினால் கால்களைக் கத்தரி போட்டு நின்று தொடையை இறுக்குங்கள், இல்லையென்றால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுங்கள். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது விளக்கைப் போட்டு, உட்கார்ந்தபடியே கழியுங்கள்.